செதுக்கின உடம்பு

நான் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் ஜிம். அதற்கு மேலே, ஜிம்மை நடத்துகிற மாஸ்டரின் குடும்பம். அதற்கும் மேலே, மொட்டை மாடியில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை எனக்கு. அறையில் குழாய் உண்டு, கக்கூஸ் கிடையாது. அதற்கு மாஸ்டர் வீட்டுப் பின்பக்கம் இறங்கி வர வேண்டும். வந்து பார்த்த வேறு யாரும் அதற்குச் சம்மதிக்கவில்லையாம். என் மனைவி போன பிறகு எங்கே இருக்கிறோம் என்பது எனக்கு ஒரு விஷயமாக இல்லை. சரி என்றேன்.

காலையில் இறங்கும்போதே வாடை எதிரே ஏறி வரும். ரப்பர் பாயில் ஊறிய வேர்வை, துருப்பிடித்த இரும்பு, காயாத காலுறை, வலிக்குத் தேய்க்கிற தைலம், வெனிலா மணக்கும் சத்து மாவு. எல்லாவற்றுக்கும் மேலே முட்டை. மாஸ்டர் வீட்டில் விடியும் முன்பே ஒரு பெரிய அலுமினியப் பாத்திரத்தில் முட்டை கொதிக்க ஆரம்பித்துவிடும். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா உரித்து, வெள்ளையை ஒரு கிண்ணத்தில் போடுவாள், மஞ்சளை வாளியில் போடுவாள். வெள்ளை கீழே ஜிம்முக்குப் போகும். மஞ்சளை யாரும் தொட மாட்டார்கள். மத்தியானத்துக்குள் வாளியில் ஈ மொய்க்கும்.

ஜிம்மில் சுவரெல்லாம் கண்ணாடி. கண்ணாடிக்கு முன்னால் ஆண்கள். சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்ப்பார்கள். திரும்பி நின்று கழுத்தை ஒடித்து முதுகைப் பார்ப்பார்கள். ஒருவன் தோளை இன்னொருவன் அமுக்கி, சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி தலையை ஆட்டுவான். பேச்சும் உடம்பைப் பற்றித்தான். என்ன தின்றோம், எப்போது தின்றோம், அது எப்படி வெளியே போனது. மெக்கானிக்கும் தையல்காரரும் ஆபீஸ் போகிறவனும் அவரவர் மலத்தைப் பற்றி ஒரே குரலில் பேசிக்கொள்வதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அந்த நேரத்தில் படியிறங்கிப் போக நேர்ந்தால் வாயை மூடிக்கொண்டு போவேன்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் சேருகிறவன் எந்த எடையைத் தொட்டாலும், அதை மாஸ்டர் முதலில் தூக்கிக் காட்ட வேண்டும். வேறு யாரும் சொல்லித்தரக் கூடாது. "நான் தூக்காததை உன்னைத் தூக்கச் சொல்ல மாட்டேன்" என்பார். அப்படித் தூக்கித் தூக்கி அவருடைய வலது தோள் போய்விட்டது. அதற்கு வலி மாத்திரை. கடலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஜாடியில் போட்டு மேசை மேலேயே வைத்திருந்தார். காலையில் வெறும் வயிற்றில், சர்க்கரை போடாத கறுப்புக் காபியோடு விழுங்குவார். மத்தியானம் மறுபடி. ராத்திரி படுக்கும் முன் மறுபடி.

எதிர்வரிசையில் புதிதாக ஒரு ஜிம் வந்தது. கண்ணாடி முகப்பு, ஏசி, பாட்டு, துண்டு எடுத்துக் கொடுக்க ஆள். மாஸ்டரிடம் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாலையைக் கடந்தார்கள். அவரிடம் பதில் என்று இருந்தது அவர் உடம்பு மட்டும்தான். வாசல் பலகையில் அவருடைய படம் இருந்தது. இளவயதில் எடுத்தது, வெயில் பட்டு நீலம் பாரித்துப் போயிருந்தது. புதுப் படம் எடுத்துப் பெரிதாக மாட்டுவது என்று அக்காவின் தம்பி முடிவு செய்தான். அவன் சத்து மாவு விற்பவன். அதனால் எல்லோருக்கும் அவன் டப்பா.

"நாப்பது தாண்டின ஆளு எவன்கிட்ட மாமா இந்த உடம்பு இருக்கு? எதிர்ல இருக்கிறவனெல்லாம் மீசை முளைக்காத பயலுக. நீங்க உப்பக் குறைங்க, தண்ணியக் குறைங்க, நம்ம மாவ ரெண்டு வேளைய மூணு வேளை ஆக்குங்க. தோலுக்கும் சதைக்கும் நடுவுல காத்துகூட இருக்கக் கூடாது."

மாஸ்டர் அப்படியே செய்தார். உடம்பு இறங்கியது. கையில், கழுத்தில், நெற்றியில்கூட நரம்பு புடைத்துத் தெரிந்தது. கன்னம் உள்ளே போய்விட்டது. ஜிம்முக்கு வருகிறவர்கள் அவரைச் சுற்றி வந்து பார்த்தார்கள். "செதுக்கின மாதிரி இருக்கு மாஸ்டர்" என்று தொட்டுப் பார்த்தார்கள். சிலர் படம்கூடப் பிடித்தார்கள்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது அவர் மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் ஃபோன்.

"என்ன மாஸ்டர், இங்க உக்காந்திருக்கீங்க?"

"சிக்னல் இங்கதான் தம்பி நல்லா வருது."

ஃபோன் அணைந்து கிடந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. நான் கடந்து போகட்டும் என்று காத்திருந்தார். நான் மேலே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் அவர் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் அவருக்கு அடுத்து நான் கக்கூஸுக்குப் போனேன். தண்ணீர் ஊற்றியிருந்தார். ஆனால் போகவில்லை. பீங்கான் முழுவதும் கறுப்பாக, பிசுபிசுவென்று, தார் பூசின மாதிரி ஒட்டியிருந்தது. அதைவிட அந்த வாடை. மலத்தின் வாடை இல்லை. அழுகிய இரும்பு என்று ஒன்று இருந்தால் அப்படித்தான் நாறும். எனக்கு அந்த வாடை தெரியும். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டிலில் ஓர் அம்மாள் இருந்தார். அவருடைய மலத் தட்டை எடுத்துப் போகும்போது நர்ஸ் சொல்லியிருந்தாள், உள்ளே ரத்தம் கசிந்தால் இப்படித்தான் போகும் என்று.

நான் அப்படியே வெளியே வந்தேன். அக்கா அடுக்களையில் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மாஸ்டருக்கு எப்போலேருந்து இப்படிப் போகுது?"

அவள் எப்படி என்று கேட்கவில்லை. கையில் இருந்த முட்டையை உரித்து முடித்தாள்.

"பாத்துட்டியா?"

"பாக்காமயே தெரியுது."

"நான் தினமும் தேய்க்கிறேன் தம்பி. எதைப் போட்டாலும் போகல. கேட்டா, மாவுல இரும்புச் சத்து இருக்கு, அதான் கறுப்பு அப்படின்னு என் தம்பி சொல்றான். இவருக்கு அதுல ஒரு பெருமை வேற. உடம்புல சேந்த அழுக்கெல்லாம் போகுதாம். கீழ போயி எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வர்றாரு."

"இரும்புன்னா கறுப்பா போகும், சரி. ஆனா இப்படி ஒட்டாது, இப்படி நாறாது அக்கா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். அவள் கை நின்றது.

"அந்தம்மா என்ன ஆனாங்க?"

"என் வீட்டுக்காரிக்கு முன்னாடியே போயிட்டாங்க."

கொதிக்கிற தண்ணீரில் மிச்ச முட்டைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. அக்கா அடுப்பை அணைத்தாள்.

"நீ சொல்லு தம்பி. நான் சொன்னா, உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்பாரு. நீ படிச்சவன். உன் பேச்சக் கேப்பாரு."

கேட்கவில்லை. நான் போன நேரம் நல்ல கூட்டம். மெக்கானிக் இருந்தான், தையல்காரர் இருந்தார். தையல்காரருக்கு அங்கே தொப்பை என்று பெயர். வருஷக்கணக்காக வருகிறார், வயிறு இறங்கவே இல்லை. டப்பா பெஞ்சில் உட்கார்ந்து மாவு கலக்கிக்கொண்டிருந்தான்.

"மாஸ்டர், தனியா ஒரு வார்த்தை பேசணும்."

"இங்க என்னப்பா தனி. எல்லாம் நம்மாளுங்கதான். சொல்லு."

"ஒருதரம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு வந்துரலாம். உங்களுக்கு உள்ள ரத்தம் கசியுது."

"மாஸ்டருக்கா?" என்றான் மெக்கானிக். "அவருக்கு உள்ள முழுக்க இரும்பு. கசிஞ்சா துருதான் கசியும்."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார்.

"எதைப் பாத்துச் சொல்ற தம்பி?"

"கக்கூஸப் பாத்து."

டப்பா கலக்குவதை நிறுத்தினான். "நல்லா இருக்கு அண்ணே. படிச்சுப் பட்டம் வாங்கி, கடைசில எங்க மாமா பேண்டதப் பரிசோதிக்கிற உத்தியோகமா?"

இந்தத் தடவை சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நான் நின்றுகொண்டிருந்தேன்.

"போய்க் காட்டினாத்தான் என்ன மாஸ்டர்," என்றார் தொப்பை. "ஒண்ணும் இல்லைன்னா இல்லைம்பான்."

"நீ சும்மா இரு தொப்பை. உன் கால் விரல நீயே பாத்து எத்தன வருஷம் ஆச்சு," என்றான் மெக்கானிக்.

மாஸ்டர் என் தோளில் கை போட்டு வாசல் வரைக்கும் கூட்டி வந்தார். கை ஜில்லென்று இருந்தது. மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன சொல்லுவான் தம்பி? தண்ணி குடி, உப்புப் போட்டுச் சாப்பிடு, படுத்துக்கோ. ரெண்டே நாள்ல உடம்பு ஊதிரும். வெள்ளிக்கிழமை படம். அது முடியட்டும். சனிக்கிழமை நீயே கூட்டிட்டுப் போ, நான் எதுவும் பேசல."

"சனிக்கிழமை வரைக்கும் தாங்கணுமே மாஸ்டர்."

"தாங்கும்." எதிர்வரிசைக் கண்ணாடிக்குள் ஓடுகிற பெல்ட்டில் வரிசையாக ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் அதைப் பார்த்தார். "நான் படுத்தா இந்தக் கதவச் சாத்த வேண்டியதுதான். எனக்கு வேற ஒரு வேலையும் தெரியாதுப்பா. இந்த உடம்பக் காட்டத்தான் தெரியும்."

அக்கா அன்று ராத்திரி மாத்திரை ஜாடியை ஒளித்து வைத்தாள். அவர் வேறு வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. ஸ்டுடியோக்காரர் காலையிலேயே வந்து எடைகளை ஒதுக்கி, விளக்குகளை நிறுத்தி, கறுப்புத் துணி கட்டினார். மேடைப் போட்டிக்குப் போகிறவர்கள் உடம்பில் ஒரு பழுப்புச் சாயம் பூசுவார்கள். விளக்கு வெளிச்சத்தில் தசையின் வரி, அவர்கள் பேச்சில் வெட்டு, அப்போதுதான் தெரியுமாம். டப்பா அதை ஒரு தட்டில் ஊற்றி, ஸ்பாஞ்சில் தொட்டுத் தொட்டு மாஸ்டரின் உடம்பு முழுக்கப் பூசினான். கழுத்து, காது மடல், முகம், உதடு. காய்ந்த பிறகு மேலே எண்ணெய். மாஸ்டர் ஜட்டியோடு கையை அகட்டி நின்றார். சமையலுக்குத் தயார் செய்த ஏதோ ஒன்று மாதிரி இருந்தது. சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"யப்பா. நரம்பு ஒவ்வொண்ணா எண்ணலாம் போல இருக்கு."

"தண்ணி குடிச்சு எவ்வளவு நேரமாச்சு மாஸ்டர்?"

"நேத்து மத்தியானம்," என்றார் மாஸ்டர். பெருமையாகத்தான் சொன்னார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டி வந்தது.

துண்டு வேண்டும் என்று என் பக்கம் கையை நீட்டினார். உள்ளங்கைக்குச் சாயம் பூசவில்லை. அது உரித்த முட்டை மாதிரி இருந்தது. ரேகைகூட வெள்ளை. சாயத்தின் ஓரம் மணிக்கட்டில் நின்றது, அதற்குக் கீழே ஒரு பிணத்தின் கை.

"மாஸ்டர், போதும்," என்றேன்.

"ஆரம்பிக்கவே இல்லையே."

படம் எடுத்தார்கள். கையை மடக்கி, வயிற்றை எக்கி, தொடையை முறுக்கி. ஒவ்வொரு தடவையும் கூட்டம் கத்தியது. "கொஞ்சம் அசையாம நில்லுங்க சார்" என்று ஸ்டுடியோக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். "இதோ" என்பார் மாஸ்டர். மறுபடி ஆடுவார். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, கண் குழிக்குள் போய், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். விளக்கு பளிச்சென்று அடித்தது. "அருமை சார், இதுதான்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

மாஸ்டர் கையை இறக்கினார். குனிந்தார். சாயத் தட்டிலேயே வாந்தி எடுத்தார். பழுப்பில் பழுப்பு. காபித் தூளைக் கரைத்து ஊற்றின மாதிரி திரிதிரியாக.

"காபிதான், வெறும் காபிதான்," என்றான் டப்பா. "தண்ணி குடிக்கல இல்ல, அதான். சர்க்கரைத் தண்ணி கொண்டாங்க."

மாஸ்டர் தட்டின் மேலேயே முழங்காலிட்டு உட்கார்ந்தார். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார். அவருக்குக் கீழே ரப்பர் பாயில் கறுப்பாக ஏதோ பரவியது. அந்த வாடை வந்தது. நின்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் போனார்கள். எவ்வளவு பெரிய மார்புகள். ஒருவனும் முன்னால் வரவில்லை.

யார் போய்ச் சொன்னார்களோ, அக்கா இறங்கி வந்தாள். ஆண்கள் இருக்கும்போது அவள் ஜிம்முக்குள் வந்து நான் பார்த்ததில்லை. பாயில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்து, ஈரத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். சாயம் போன இடத்தில் காகிதம் மாதிரி ஒரு முகம் இருந்தது. அவளே ஒரு நொடி கையை எடுத்துவிட்டாள்.

"டேய், வண்டி எடு."

"அக்கா, ஒரு பத்து நிமிஷம் பொறு. எந்திரிச்சிருவாரு. இன்னும் முதுகுப் படம் எடுக்கல."

"உன் மாவ நீயே தின்னு. வண்டி எடுடா."

தூக்குவதுதான் கேவலமாக இருந்தது. எண்ணெய் பூசிய உடம்பு பிடிக்குள் நிற்கவில்லை, வழுக்கியது. மெக்கானிக் ஒரு காலைப் பிடித்தான், சட்டையில் சாயம் பட்டதும் விட்டுவிட்டான். "இது துவைச்சாப் போகாதுக்கா" என்றான். டப்பா தன் காரின் இருக்கையில் செய்தித்தாள் விரித்துக்கொண்டிருந்தான். கடைசியில் தொப்பைதான் கறுப்புத் துணியைக் கிழித்து எடுத்து, மாஸ்டரை அதில் சுற்றி, தன் வயிற்றோடு அணைத்துத் தூக்கினார். நான் கால்களைப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸுக்கு நரம்பு கிடைக்கவில்லை. ஊர் முழுக்க வியந்த நரம்பு ஒன்றுகூட மேலே இல்லை. பஞ்சில் மருந்து நனைத்துத் தேய்க்கத் தேய்க்கப் பழுப்பாக வந்தது. தரையெல்லாம் பழுப்புப் பஞ்சு.

"இது என்ன, பெயின்ட்டா?" என்று கேட்டார் டாக்டர். என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு.

"படம் எடுக்கப் பூசினது," என்றேன்.

"யாருக்கு இந்தப் படம்?"

அக்கா பையிலிருந்து மாத்திரை ஜாடியை எடுத்து மேசையில் வைத்தாள். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இத எப்படிச் சாப்பிடுவாரு?"

"வெறும் வயித்துல. மூணு வேளையும்."

"இரைப்பை புண்ணாகி ரத்தம் கசிஞ்சிருக்கு. பல நாளா. கறுப்பா போனத வீட்ல யாரும் பாக்கலையா?"

"பாத்தோம்," என்றாள் அக்கா. "சனிக்கிழமை வரலாம்னு இருந்தோம்."

"சனிக்கிழமை வந்திருந்தா நேரா பின்பக்கம் கொண்டு போக வேண்டியிருந்திருக்கும்," என்றார் டாக்டர். பின்பக்கம் என்ன இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. எல்லா ஆஸ்பத்திரியிலும் அது பின்பக்கம்தான். எனக்குத் தெரியும்.

ரத்தம் உடனே ஏற்ற வேண்டும், அவர்களிடம் இருப்பது போதாது, ஆட்கள் வேண்டும் என்றார்கள். ஆட்களுக்கா பஞ்சம். வராண்டா முழுக்க ஜிம் ஆட்கள். கை இல்லாத பனியன், தொடை அளவு கை.

"எனக்குப் போட்டி வருது தம்பி," என்றான் மெக்கானிக். "இப்ப ரத்தம் குடுத்தா கட்டு இறங்கிரும்."

"எனக்கு ரத்தத்தப் பாத்தாலே மயக்கம் வரும்."

"காலைல சாப்பிடல. சாப்பிட்டு வந்துர்றேன்." போனவன் வரவில்லை.

ஒருவன் உள்ளே போனான். உடம்பு ஏற்ற ஊசி ஏதாவது போட்டுக்கொள்வது உண்டா என்று நர்ஸ் கேட்டாள். அவன் கதவைப் பார்த்தான். வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். இன்னொருவனும் அப்படியே. அக்கா போனாள். எடை காணாது என்றார்கள். வருஷக்கணக்காக அந்த வீட்டில் கூடை கூடையாக முட்டை உரித்தவள்.

தொப்பையும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தோம். அவர் கையில் ஒரு பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள்.

"எந்தக் கண்ணாடியும் என்னை மதிச்சதில்ல தம்பி," என்றார் கூரையைப் பார்த்துக்கொண்டே. "இந்தம்மா பாத்த உடனே நல்ல உடம்புங்குது."

நான் சிரித்தேனா என்று நினைவில்லை. அது என் மனைவி இருந்த ஆஸ்பத்திரி இல்லை. ஆனால் சுவருக்கு அதே பச்சை அடித்திருந்தார்கள்.

மாஸ்டர் பிழைத்தார். குழாய் விட்டுப் புண்ணைக் கண்டுபிடித்து அடைத்தார்கள். வீட்டுக்குக் கூட்டி வந்தபோது வாசலில் புதுப் பலகை மாட்டியிருந்தது. அவர் படுத்திருந்த நாட்களில் டப்பா சும்மா இருக்கவில்லை. பழைய படத்தைவிட மூன்று மடங்கு. கடைசியாக எடுத்த படம். கை இரண்டும் மேலே, பல் கடித்து, கண் குழிக்குள். இரைப்பைக்குள் ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்த நொடி. அது வெறி மாதிரி, வெற்றி மாதிரித் தெரிந்தது. சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். எதிர்வரிசைக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்திருந்தார்கள்.

"அதை முதல்ல இறக்குங்க," என்றாள் அக்கா. "அதைப் பாத்தாலே எனக்குக் குமட்டுது."

"இருக்கட்டும்," என்றார் மாஸ்டர். "ஆளு வருது இல்ல."

அவர் இப்போது வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறார். எடை தூக்கக் கூடாது. புதியவர்களுக்கு முதல் எடையைத் தூக்கிக் காட்டுவது மெக்கானிக். அக்கா மஞ்சளை வாளியில் போடுவதில்லை. வெள்ளையோடு சேர்த்துப் பிசைந்து, அவர் முன்னால் உட்கார்ந்து, தின்று முடிக்கும் வரை எழுந்திருக்க மாட்டாள். அவருக்குக் கன்னம் வந்துவிட்டது. லேசாக வயிறும். உள்ளங்கையில் ரத்தம் ஓடுகிறது. யாரும் அவரைச் சுற்றி வந்து பார்ப்பதில்லை.

நேற்று சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது புது ஆள் ஒருவன் பலகைக்குக் கீழே அண்ணாந்து நின்றுகொண்டிருந்தான். பிறகு நாற்காலியில் இருந்தவரிடம் கேட்டான்.

"அண்ணே, இவரு இப்பவும் வர்றாரா?"

உள்ளேயிருந்து டப்பா வந்தான். "இவருதாண்டா அவரு. கொஞ்சம் ஓய்வுல இருக்காரு. உள்ள வா, அந்த உடம்புக்கு என்ன சாப்பிட்டாருன்னு நான் சொல்றேன்." தோளில் கை போட்டுக் கூட்டிப் போனான். மாவு டப்பா திறக்கிற சத்தமும் வெனிலா வாசனையும் வந்தன.

நான் படியில் கால் வைத்தேன்.

"தம்பி." மாஸ்டர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு எப்படி இருந்திருக்கேன் பாரு."

"செத்துக்கிட்டு இருந்தீங்க மாஸ்டர்."

"அது சரிப்பா." அவர் விரல் காற்றில் அந்தப் படத்தின் விலா வரிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது. "இருந்தாலும் அந்த வெட்டு. பாத்தியா? அப்படி ஒரு வெட்டு எனக்கு இருபது வயசுல இருந்ததில்ல."

கேலி இல்லை. ஏக்கம்தான். மேசையில் அவர் குடித்துவிட்டு வைத்த டம்ளரில் பால் ஆடை ஒட்டியிருந்தது. எனக்கு வாயில் உமிழ்நீர் ஊறியது, துப்ப வேண்டும் போல.

அவர் எழுந்து என் பின்னாலேயே படியேறினார். திருப்பத்தில் நிற்கவில்லை. நேரே பின்பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் என் வாளியோடு இறங்கி வந்தபோது அக்கா அந்தக் கதவுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"தண்ணி ஊத்திராதீங்க," என்றாள் கதவைப் பார்த்து. "நான் பாத்துட்டு ஊத்துறேன்."

"மெதுவாப் பேசுடி. தம்பி நிக்கிறான்."

"நிக்கட்டும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். அக்கா உள்ளே போனாள். குனிந்து, நிதானமாக, அரிசியில் கல் பார்க்கிற மாதிரி பார்த்தாள். ஒரு தடவை மூச்சை இழுத்தும் பார்த்தாள். பிறகு முழு வாளியையும் ஊற்றிவிட்டு வெளியே வந்தாள்.

"போ தம்பி," என்றாள்.